பொது அறிவும் ஊர்ச் சொற்களும்



நம் பள்ளிகளில் பொது அறிவுப் புதிர்ப்போட்டி நடைபெறும்போது, உலகின் மிகப் பெரிய விலங்கு எது என்று வினவுகிறோம். ‘நீலத் திமிங்கிலம்’ என்று விடை வந்ததும் அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகிறோம். அவ்வினாவும் வேண்டியதே. ஆயினும், ‘தஞ்சோங் ரம்புத்தான் என்பதன் பொருள் யாது?’ என்று கேட்பார் அரியர். அக்கேள்வியை இவ்வூரிலேயே எழுப்புவது என் உரையின் நோக்கம்.

‘தஞ்சோங்’ என்னும் மலாய்ச் சொல் நீருக்குள் நீண்டு நிற்கும் நிலமுனையைக் குறிக்கும். இங்குக் கடல் இல்லை; கிந்தா ஆறு உண்டு. ‘ரம்புட்’ என்றால் முடி. தோலில் முடிபோன்ற இழைகள் அடர்ந்திருப்பதால் அப்பழம் ரம்புத்தான் ஆயிற்று. விலங்குகளின் பெயர்களிலும் இதே பார்வையைக் காணலாம். ‘ஓராங்’ மனிதர், ‘ஊத்தான்’ காடு, ஆகவே ஓராங் ஊத்தான் காட்டு மனிதர். அலங்கு என்று நாம் அழைக்கும் விலங்கின் ஆங்கிலப் பெயரான ‘பாங்கோலின்’, அது உடலைச் சுருட்டிக்கொள்வதைச் சுட்டும் மலாய்ச் சொல்லிலிருந்து பிறந்ததே.

மலாய்மொழிக்கு நாமும் சொற்கள் கொடுத்திருக்கிறோம். கப்பல் ‘காப்பால்’ ஆனது. கடை ‘கெடாய்’ ஆனது. கட்டில் ‘காத்தில்’ ஆனது. வணிகத்துக்கு இடும் முதல் ‘மோடால்’ ஆனது. கொடுத்தது போலவே பெற்றும் இருக்கிறோம். மரப்பாலைக் குறிக்கும் ‘கெத்தா’ என்ற மலாய்ச் சொல்லே தோட்டத் தமிழரின் நாவில் ‘கித்தா’ ஆயிற்று. கித்தாக்காடு, பால்மரம், ஆங்கிலப் ‘பரேடு’ திரிந்த ‘பெரட்டு’, ‘லைன்’ திரிந்த ‘லயம்’ ஆகிய சொற்களில் ஒரு தலைமுறையின் விடியற்காலைகள் அடங்கியுள்ளன.

வடமொழிச் சொற்கள் இரு மொழிகளிலும் குடிபுகுந்து வெவ்வேறு வாழ்க்கை வாழ்கின்றன. 1950ஆம் ஆண்டில் எல். கிருஷ்ணன் இயக்கிய ஒரு மலாய்த் திரைப்படத்திலேதான் பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்தார். அதன் பெயர் ‘பக்தி’. நமக்கு அது இறைவழிபாட்டுச் சொல். மலாய்மொழியிலோ தொண்டையும் குறிக்கும்.

இனி, இவ்வூரார் நெஞ்சைத் தொடும் செய்திக்கு வருகிறேன். 1911ஆம் ஆண்டு இங்கே மனநல மருத்துவமனை தொடங்கப்பெற்றது. அதனால், ‘உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும்’ என்பது நாடெங்கும் ஏளனச் சொல்லாகிவிட்டது. ஒரு பழத்தின் பெயர் வசையாயிற்று. நோயுற்றவர்களும், அவர்களைப் பேணுவோரும், ஊர்மக்களும் அவ்வசையைச் சுமக்கின்றனர். அம்மருத்துவமனையின் இன்றைய பெயர் ‘பஹாகியா’. மகிழ்ச்சி என்பது அதன் பொருள். அதன் மூலச் சொல்லே தமிழில் ‘பாக்கியம்’ என வழங்குகிறது. நம் பாட்டிமார் பலர் தாங்கிய பெயர் அது. இதை அறிந்த மாணவன் அந்த ஏளனத்தை அவ்வளவு எளிதில் சொல்லமாட்டான் என்பது என் நம்பிக்கை.

ஆதலால், ஒரு விண்ணப்பம். அடுத்த புதிர்ப்போட்டியில் பத்து வினாக்களுள் இரண்டேனும் ஊர்ச் சொற்களைப் பற்றியவையாக இருக்கட்டும். அவற்றின் விடைகளை மாணவர்கள் நூல்களில் மட்டும் தேடாமல், தோட்டத்தில் வாழ்ந்த முதியோரிடமும் கேட்டு எழுதிவரட்டும். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, மக்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். ‘பெரட்டு’ என்றால் என்ன என்று நேரில் கண்டு சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். நீலத் திமிங்கிலத்தைப் பற்றி நாளையும் நூல்களில் படித்துக்கொள்ளலாம். இவர்களிடம் கேட்க வேண்டியதை இன்றே கேட்டாக வேண்டும்.