முருங்கையும் கம்பளிப்புழுவும்



புதுக்கோட்டைச் சீமையில் முருங்கை இல்லாத கொல்லைப்புறம் அரிது. முருங்கை நட்டவன் வெறுங்கையோடு நடப்பான் என்பது முதியோர் வாக்கு. வானம் பார்த்த பூமியாகிய நம் மாவட்டத்தில், அதிகத் தண்ணீர் கேளாமல் கீரையும் காயும் தரும் மரம் இது. இரும்பும் சுண்ணாம்பும் ‘ஏ’ உயிர்ச்சத்தும் நிறைந்த இக்கீரை, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொல்லையிலேயே விலையின்றிக் கிடைக்கும் நல்லுணவாகும்.

இத்தகைய மரத்தை, மழைக்காலம் வந்ததும் நம்மில் பலர் வெட்டி வீழ்த்தி விடுகின்றோம். காரணம் கம்பளிப்புழு. அதன் சுணை பட்டால் உடல் தடிக்கிறது, அரிப்பு உண்டாகிறது. இத்துன்பம் உண்மையே. ஆயினும் கோடரியை எடுப்பதற்கு முன், புழுவின் வாழ்க்கையைச் சற்றே உற்று நோக்குவோமாக.

மழை பெய்து மண் நனைந்தபின், மஞ்சள் கலந்த பழுப்பு நிறமுள்ள பெரிய அந்துப்பூச்சிகள் வெளிப்படுகின்றன. அவை இலைகளிலும் இளந்தண்டுகளிலும் குவியலாக முட்டையிடுகின்றன. பொரித்து வளரும் புழுக்கள் இரவில் மரமேறி இலையையும் பட்டையையும் தின்கின்றன. பகலில் அடிமரத்தில் கம்பளம் போர்த்தாற்போல் கூட்டமாக ஒட்டிக் கிடக்கின்றன. முடிவில் மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகின்றன.

பகலில் அவை ஓரிடத்தில் கூடியிருப்பதே நமக்கு வாய்த்த நல்ல சமயம். கைகளைத் துணியால் மூடிக்கொண்டு, நீண்ட கழியில் கட்டிய துடைப்பத்தால் அவற்றைச் சோப்புத் தண்ணீருள்ள வாளியில் தள்ளிவிடலாம். தீப்பந்தத்தால் சுடுவோரும் உளர். பட்டை கருகினால் மரத்திற்குக் கேடு, கூரையில் பற்றினால் வீட்டிற்குக் கேடு என்பதை மறத்தலாகாது. முட்டைக் குவியலை இலையோடு கிள்ளி அழித்தல் வேண்டும். மழை பெய்தவுடன் விளக்குப்பொறி வைத்தால் அந்துப்பூச்சிகள் அகப்படும். கோடையில் மரத்தடி மண்ணைக் கொத்திவிட்டால், கூட்டுப்புழுக்கள் வெயிலில் மடியும், கோழிகளுக்கும் இரையாகும்.

நாளும் பறித்து உண்ணும் கீரையின்மீது கண்ட நஞ்சையெல்லாம் தெளித்தல் ஆகாது. ஐயமுள்ளோர் வம்பனில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

ஒரு வீட்டார் மட்டும் முயன்று பயனில்லை. அந்துப்பூச்சி வேலி பார்த்துப் பறப்பதில்லை. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னதாக, அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபை கூடுகின்றது. அன்று இதனை எடுத்துப் பேசி, தெருத்தோறும் மரங்களைக் கண்காணிக்க ஏற்பாடு செய்வோமாயின், மரமும் பிழைக்கும். குழந்தைகளுக்குக் கீரையும் கிடைக்கும்.