ஜிப்சம் பூச்சும் தண்ணீர் அளவும்



வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் பூச்சு வேலைக்குப் போயிருக்கிற நம்ம பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்க. 100 கிலோ ஜிப்சம் மா இறுகுவதற்குச் சுமார் 19 லீட்டர் தண்ணீரே போதும். குழைக்க வசதியாக 60, 70 லீட்டர் ஊற்றுகிறோம். மிச்சத் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் நுண்துளையாகி, பூச்சு பலமிழக்கும்.

ஆகவே, குழைபடும் அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம், அளந்தே ஊற்றணும். வாளியைக் கழுவணும், பழைய கட்டி கலந்தால் சீக்கிரமே இறுகிவிடும். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் விடவே கூடாது. பூச்சு உதிர்ந்தால் கூலியும் போகும், பேரும் போகும்.

ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சம் கரையும். மழை படும் வெளிச்சுவருக்கும், ஈரம் ஊறும் நம்ம லயத்துச் சுவருக்கும் அது ஆகாது. அங்கே முதலில் ஒழுக்கை அடைப்போம்.