மரவாத்தும் அஞ்சல் தலையும்



கழக்கூட்டத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தொழிலை முன்னிட்டு வந்து வாழும் தமிழராகிய நாம், தபாலை 'அஞ்சல்' என்கிறோம். 1951-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் துறையோடு இணையும் வரை, இம்மண்ணை ஆண்ட திருவிதாங்கூர் அரசின் தபாற் சேவைக்கும் அதுவே பெயர். 1888-இல் வெளிவந்த அதன் முதல் தலைகளில் அரசின் சங்கு முத்திரை விளங்கிற்று. ஓர் அரசு எதனைப் போற்றுகிறது என்பதை அஞ்சல் தலை சொல்லிவிடும்.

1985 மார்ச் 22 அன்று அமெரிக்கத் தபால் துறை 22 சென்ட் விலையில் நான்கு தலைகளை வெளியிட்டது. அவற்றில் இருந்தவை அரசச் சின்னங்கள் அல்ல. மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டிய வாத்துக்கள். வேட்டைக்காரர் இவற்றை நீரில் மிதக்க விடுவர். தம் இனமென நம்பி இறங்கும் காட்டு வாத்துக்களைச் சுடுவர். வேட்டைக்குப் பழக்கிய விலங்கையும் பறவையையும் நம் முன்னோர் 'பார்வை' என்றனர். இது மரத்தாலான பார்வை எனலாம். அந்நாட்டுப் பழங்குடியினர் கோரையால் முடைந்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையுள்ள பொய் வாத்துக்கள் நெவாடாவின் லவ்லாக் குகையில் 1924-இல் கிடைத்தன.

கொல்லுங் கருவிக்கு இத்துணைச் சிறப்பா என்று நாம் வினவலாம். அதற்கும் ஓர் அஞ்சல் தலையே விடை தருகிறது. வாத்தினம் அருகியபோது, 1934 முதல் வேட்டையாடுவோர் ஒரு தனித் தலையை விலை கொடுத்து வாங்க வேண்டுமென்று அந்நாட்டில் சட்டம் வந்தது. அப்பணம் பறவைகள் தங்கும் நீர்நிலைகளைக் காக்கச் செலவாகிறது. 1975-ஆம் ஆண்டின் தலையில் வண்ணம் உதிர்ந்த ஒரு பழைய மரவாத்தே இடம்பெற்றது. பிளாஸ்டிக் வாத்துக்கள் வந்து மரத்தச்சனின் உளியை ஓயச் செய்தபின், அவன் கைவேலை கலைப்பொருளாயிற்று.

நமக்கும் இதில் படிப்பினை உண்டு. வேளிக் காயலும் ஆக்குளமும் நமக்கு அண்மையிலேயே உள்ளன. காட்டு வாத்துக்களை வேட்டையாடுவதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் நீர்நிலை தூர்ந்தால் சட்டத்தால் மட்டும் பறவை வாழாது. நம் பாட்டிமார் கொடுத்த மரப்பாச்சியும் அவ்வாறே. செய்வோர் கை ஓய்ந்தபின் தலையில் அச்சிடுவதினும், செய்யும்போதே ஒன்று வாங்குவது நன்று. உயிருள்ளபோதே போற்றுவோம்.