ஈரச் சாக்கும் பச்சைக் கிளையும்
ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில், தூரத்தே புகை தென்பட்ட மாத்திரத்தில் செய்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, நனைத்த சாக்குகளையும் பச்சைக் கிளைகளையும் ஏந்திக் காட்டுத்தீயை அடித்து அணைக்க ஓடிய குடியானவர்களே, ஊதியம் கருதாத கிராமத் தீயணைப்புப் படைகளின் ஆதி வீரர்கள். சிறுபட்டணங்களின் படைகளுக்கு 1891-லேயே ஒரு வாரியம் ஏற்பட்டிருக்க, காட்டோரத்தாருக்கோ அவரவர் துணிச்சலே துணை. 1939 ஜனவரி 13, வெள்ளிக்கிழமையன்று உச்சமடைந்த பெருந்தீயின் உக்கிரத்துக்கு 71 உயிர்கள் பலியாக, விசாரணை நடத்திய நீதிபதி ஸ்ட்ரெட்டன், அத்தீ மனிதர் கையால் மூண்டதே என்று தாட்சண்யமின்றி எழுதினார். சர்க்காரோ, எத்தேசத்துச் சர்க்காருக்கும் உரிய நிதானத்துடன் யோசித்திருந்து, 1944-ல் மறுபடியும் தீ சூறையாடிய பின்னரே சட்டமியற்றி, 1945 ஏப்ரல் 2 முதல் சிறுபட்டணப் படைகளையும் கிராமப் படைகளையும் ஒரே அதிகார சபையின்கீழ்க் கொணர்ந்தது. அதன் வீரர்களில் மிகப் பெரும்பான்மையோர் இன்றும் சம்பளம் பெறாதவர்களே.