சத்தமில்லாமல் முறிந்த ஒப்பந்தம்



2021 செப்டம்பரில் ஆஸ்திரேலியா ஓர் ஒப்பந்தத்தை முறித்ததும் பாரிஸ் கொதித்தெழுந்தது நினைவிருக்கலாம். பிரான்சின் நேவல் குரூப் நிறுவனம் 12 நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. நம் மலேசியக் கடற்படையின் இரண்டு நீர்மூழ்கிகளைக் கட்டியதிலும் இந்த நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவோ அமெரிக்காவோடும் பிரிட்டனோடும் பல மாதம் ரகசியமாகப் பேசி, அணுசக்தி நீர்மூழ்கிகளே வேண்டும் என்று அறிவித்துவிட்டது. பிரான்ஸ் கான்பெராவிலிருந்தும் வாஷிங்டனிலிருந்தும் தன் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. முதுகில் குத்திவிட்டார்கள் என்றார் அதன் வெளியுறவு அமைச்சர்.

அதே ஆண்டு புத்தாண்டு தினத்தில் நம் ஜொகூர் சம்பந்தப்பட்ட ஒப்பந்தம் ஒன்றும் முறிந்தது. கோலாலம்பூர் – சிங்கப்பூர் அதிவேக ரயில் திட்டம். சுமார் 350 கிலோமீட்டர் தூரம், 90 நிமிடப் பயணம். 2016 டிசம்பரில் கையெழுத்தானது. மூவார், பத்து பகாட், இஸ்கண்டார் புத்ரி என்று நம் மாநிலத்தில் மட்டும் மூன்று நிலையங்கள் வரவேண்டியிருந்தன.

ஆனால் எந்தத் தூதரும் ஊர் திரும்பவில்லை. ஏன்?

சிங்கப்பூருக்கு இது திடீரென்று தெரியவந்த செய்தியல்ல. 2018-இல் ஆட்சி மாறியதும் துன் மகாதீர் அரசு, செலவு தாங்காது என்று வெளிப்படையாகவே சொன்னது. அந்த ஆண்டு செப்டம்பரில் திட்டத்தைத் தள்ளிவைக்க இரு நாடுகளும் சம்மதித்தன. தள்ளிவைத்ததற்கே 1.5 கோடி சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தோம். பிறகு கோவிட் வந்தது, கெடு 2020 டிசம்பர் 31 வரை நீண்டது. ரயில்களையும் தண்டவாள அமைப்பையும் ஏற்று நடத்த இரு நாடுகளும் சேர்ந்து பொதுவான ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தது. அது வேண்டாம் என்று மலேசியா கேட்டது. அது இல்லாமல் முடியாது என்று சிங்கப்பூர் சொன்னது. கெடு முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. இரு பிரதமர்களும் கூட்டாக அறிக்கை விட்டார்கள்.

பணக் கணக்கு ஒப்பந்தத்துக்குள்ளேயே இருந்தது. சில மாதங்களில் மலேசியா 102.8 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி இழப்பீடு கொடுத்தது. நம் காசுக்கு 320 மில்லியன் ரிங்கிட். சும்மா போன பணம் என்று காப்பிக்கடைகளில் திட்டினார்கள். எனக்கும் வயிறு எரிந்ததுதான். ஆனாலும் ஆஸ்திரேலியா கடைசியில் நேவல் குரூப்புக்குக் கொடுத்தது 55.5 கோடி யூரோ. அதோடு, பிரெஞ்சு அதிபர் மக்ரோன் உலகமே கேட்க ஆஸ்திரேலியப் பிரதமரைப் பொய்யர் என்ற பொருள்பட பேசியதையும் வாங்கிக்கொண்டது.

நமக்கு இதில் முன்பழக்கமும் உண்டு. ஜொகூர் பாலத்தில் நம் பாதியை மட்டும் இடித்துவிட்டு, அடியில் கப்பல் போகும்படி வளைந்த பாலம் கட்டும் திட்டம் நினைவிருக்கும். பாதித் தூரத்துக்குள் நேராக ஏறினால் செங்குத்தாகிவிடும், அதனால்தான் அந்த வளைவு. பேச்சுவார்த்தையில் சிங்கப்பூர் கடல் மணலும் வான்வெளியும் கேட்டது. ஜொகூர் மக்கள் மணல் விற்க விரும்பவில்லை. 2006 ஏப்ரலில் அப்போதைய பிரதமர் துன் அப்துல்லா படாவி திட்டத்தையே கைவிட்டார். அப்போதும் அக்கரையிலிருந்து கூச்சல் வரவில்லை. சண்டை வீட்டுக்குள்தான் வெடித்தது: துன் மகாதீர் தாம் தேர்ந்தெடுத்த வாரிசையே ஆண்டுக்கணக்கில் சாடினார்.

அதிவேக ரயில் விஷயத்தில் உண்மையில் ஏமாந்தவர்கள் மூவார், பத்து பகாட் மக்கள். பழைய ரயில் பாதை 1929-இல் மூடப்பட்ட பிறகு மூவாருக்கு ரயிலே கிடையாது. திட்டம் ரத்தானதை அறிவித்த பிரதமர் முகிதின் யாசினோ அதே மூவாரில் பிறந்தவர். சிங்கப்பூருக்கு இழப்பீட்டுக் கணக்கு இருந்தது. இந்த ஊர்களுக்கு யாரும் கணக்குப் போடவில்லை. அரசதந்திரம் நன்றாக நடந்தது என்று நான் சொல்லும்போது, பத்து பகாட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர் முகம் சுளித்தால் அது நியாயம்தான்.

அக்கரையோடு மனக்கசப்பு மிஞ்சியதா என்று பார்க்க, பக்கத்திலேயே இன்னொரு ரயில் வேலை இருந்தது. 2020 ஜூலை 30 அன்று பாலத்தில் நின்று, புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயிலுக்கு மறுஉயிர் கொடுத்தவர்கள் இதே முகிதின் யாசினும் அப்போதைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங்கும்தான். ஐந்து மாதத்தில் அதிவேக ரயில் முறிந்தது. முறிந்த அதே ஜனவரியில் சிங்கப்பூர் தன் பக்கத்தில் ஆர்டிஎஸ் கட்டுமானத்தைத் தொடங்கிவிட்டது.