சாடை விளங்காத பிள்ளைக்கு



மட்டக்களப்பில் ஒருத்தி பெரியபிள்ளையானால் ஊருக்கே தெரியும். தண்ணீர் வார்க்கிறோம், குரவையிடுகிறோம். உடம்பில் என்ன நடந்ததென்று அவளுக்கு யார் சொல்கிறோம்? மற்றப் பிள்ளைகள் தோழிகளிடம் சாடைமாடையாக அறிந்துகொள்வார்கள். ஓட்டிசமுள்ள எங்கள் பிள்ளைகளுக்குச் சாடை விளங்காது. "கவனமாயிரு" என்றால், எதில் கவனம்? இரத்தம் வருமுன்னரே படம் காட்டி, நாப்கின் வைத்துப் பழக்கி, உறுப்புகளின் பெயரையும் மறைக்காமல் சொல்கிறோம்.

ஆண்பிள்ளைக்குச் சடங்குமில்லை, சொல்லுமில்லை. கை காற்சட்டைக்குள் போனால் அடிதான். "அது உன் அறைக்குள், கதவைச் சாத்திவிட்டு" என்று ஒரே வசனத்தை நாள்தோறும் சொன்னால் பழகுவான்.

பெரியம்மா, சின்னம்மா எல்லோரும் ஒரே வளவில் வாழும் ஊர் இது. வந்தவரையெல்லாம் "கொஞ்சு" என்கிறோம். ஆறு வயதில் அழகென்றது பதினாறில் குற்றமாகிறது, பிள்ளை குழம்பாதா? கைகூப்பச் சிறுவயதிலேயே பழக்குங்கள். "வேண்டாம்" என்று கையைத் தட்டிவிட்டால், மாமாவாயினும் கோபிக்க வேண்டாம். அந்தச் சொல்தான் அதற்குக் காவல்.

"எனக்கு எப்போது கலியாணம்?" என்று கேட்டால் சிரித்து மழுப்பாதீர்கள். இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 23ஆம் உறுப்புரை, திருமணமும் குடும்பமும் அவற்றுக்கான அறிவும் இவர்களுக்கும் உரியவை என்கிறது. "இதுகளுக்கு எதற்கு இதெல்லாம்?" என்போருக்கு நாங்கள் அதையே காட்டுகிறோம்.