கதிர் திரும்பும் நாளும் ஆடி முதல் நாளும்: மாநாட்டுத் தலைமை உரை

கோடைக் கதிர்த்திருப்பத்தைப் பற்றிக் கூடிப் பேசக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பொருத்தமான இடம். கடகரேகை இங்கிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில், கிருஷ்ணநகரை ஒட்டிப் போகிறது. ஜூன் 21 அன்று 11.38 மணியளவில் ராஷ்பிகாரி அவென்யூவில் ஒரு மீட்டர்க் கம்பை நட்டால், மேகம் வழிவிட்டால், நிழல் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றே மேல் இருக்கும். அதுவும் தெற்கே விழும். டிசம்பர் 21இல் அதே கம்பின் நிழல் வடக்கே ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். இவ்வளவு துல்லியமாக வானம் காட்டித் தரும் நாளில் நம் வீடுகளில் ஒரு விசேஷமும் கிடையாது. தட்சிணாயனப் புண்ணியகாலம் என்று நாம் தர்ப்பணம் செய்வது ஆடி முதல் தேதியில், ஜூலை 16 அல்லது 17இல், சூரியன் திரும்பி ஏறத்தாழ 25 நாள் கழித்து. இதைப் பஞ்சாங்கப் பிழை என்பார் உண்டு. மறந்துபோன கதிர் விழாவின் எச்சம் என்பாரும் உண்டு. ஆடி விழாக்களின் பெயரில் சூரியன் இருந்தாலும் அவற்றின் உயிர் நீரில் இருக்கிறது என்பதே என் கட்சி.

முதலில் அந்த 25 நாள். நம் பஞ்சாங்கம் சூரியனை நட்சத்திரங்களுக்கு எதிரே வைத்து ஆண்டை அளக்கிறது. பருவங்களோ அயனத்தைப் பின்பற்றுகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே 20 நிமிடச் சொச்சம் வேறுபாடு. சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் விலகிப்போகிறது. இந்த ஊரிலேயே சாட்சி உண்டு. விவேகானந்தர் கொல்கத்தாவில் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாள். இன்று அது 14, 15 என்று வருகிறது. பொங்கலுக்கு நேர்ந்ததே ஆடிப்பிறப்புக்கும் நேர்ந்தது.

இங்கே வங்க நண்பர்கள் எழுப்பக்கூடிய தடை ஒன்று. ஆஷாட மாதத்தில் அம்புபாச்சி வருகிறது. அஸ்ஸாமின் காமாக்யா கோயில் நடை சாத்தப்படுகிறது. பூமித்தாய் தீட்டில் இருக்கிறாள் என்று ஏர் பூட்டுவதில்லை. அது தொடங்குவது ஜூன் 22 அளவில். இது கதிர்த்திருப்ப விழா இல்லாமல் வேறென்ன என்று கேட்கலாம். தேதி பொருந்துவது உண்மை. பொருந்திய விதத்தைத்தான் பார்க்க வேண்டும். அம்புபாச்சியின் கணக்கு சூரியன் திருவாதிரையில் நுழைவது. நட்சத்திரக் கணக்கும் அயனக் கணக்கும் ஒன்றாயிருந்த காலத்தில், ஏறத்தாழ கி.பி. 285ஐ ஒட்டி, அந்த நுழைவு இன்றைய தேதிக் கணக்கில் மே மாத இறுதியில் விழுந்திருக்கும். தேதி மெல்ல நகர்ந்து நம் காலத்தில் கதிர்த்திருப்பத்தின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. நாளை எழுந்தும் போகும். மாறாமல் இருப்பது மண்ணும் மழையும் பற்றிய எண்ணம். கேரளத்தில் சூரியன் அதே திருவாதிரையில் இருக்கும் ஞாற்றுவேலை நாட்களில் மிளகுக் கொடி நடுகிறார்கள். மழை விட்டு விட்டுப் பெய்யும் நாட்கள் அவை, கொடி வேர்பிடிக்கும். பகலின் நீளத்தை அங்கே யாரும் அளப்பதில்லை. அளக்கத்தான் என்ன இருக்கிறது? சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒன்றரை மணி நேரம். ஸ்டாக்ஹோமில் அது பன்னிரண்டு மணியைத் தாண்டும். அங்கே ஜூன் பகலுக்குக் கம்பம் நட்டு ஆடுவது நியாயம்தான். அந்த ஸ்வீடன்காரர்களே 1950களில் விழாவைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ஆடி முதல் தேதி சேலம், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கம் தேங்காய் சுடுவார்கள். நாரை உரித்துத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, கண்ணைத் துளைத்து, அவலும் பொட்டுக்கடலையும் எள்ளும் வெல்லமும் இட்டு, அழிஞ்சில் குச்சியில் செருகி நெருப்பில் காட்டுவார்கள்; ஓடு கருகி வெடித்ததும் பிள்ளையாருக்குப் படைப்பார்கள். நெருப்பைக் கண்டதும் ஐரோப்பாவின் புனித யோவான் நாள் சொக்கப்பனையோடு முடிச்சுப் போடும் ஆசை ஆய்வாளருக்கு வரும். கொஞ்சம் பொறுக்கலாம். ஆடி முதல் நாள் தொடங்கிய பாரதப் போர் ஆடி 18இல் முடிந்தது என்பது இந்தச் சடங்குக்குச் சொல்லும் கதை; அந்த ஆடி 18 அன்று விழாக் காண்பது காவிரி. குடகில் பெய்த தென்மேற்குப் பருவமழை சமவெளிக்கு வந்து சேரும் நாட்கள் அவை. ஆற்றில் நீர் குறைந்த ஆண்டுகளில் ஆடிப்பெருக்குக்கென்றே மேட்டூரில் நீர் திறந்துவிட்டதுண்டு. சூரியக் கணக்கு 25 நாள் தவறியபோது ஊர் பதறவில்லை. நீர் தவறினால் அணையின் மதகைத் தூக்கச் சொல்கிறது. எந்தக் கணக்கு விழாவுக்கு உயிர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

யாழ்ப்பாணம் மட்டும் என் வாதத்துக்கு அடங்காது. அங்கே பேராறு கிடையாது, ஆடியில் மழையும் அரிது; இருந்தும் ஆடிப்பிறப்பன்று பனங்கட்டிக் கூழும் கொழுக்கட்டையும் வீடுதோறும் உண்டு. அங்கே தேதியைத் தாங்கி நிற்பது பஞ்சாங்கம் என்று ஒப்புக்கொள்கிறேன். திருவண்ணாமலையில் தட்சிணாயனத்துக்குக் கொடியேற்றிப் பத்து நாள் விழா எடுப்பதும் அந்த வகையே. கோயிலும் சடங்கும் கணக்கைக் காக்கின்றன. வயலும் ஆறும் பருவத்தைக் காக்கின்றன.

அப்படியானால் கணக்கைத் திருத்திவிடலாமே என்பது கடைசித் தடை. இதைச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. கொல்கத்தாவின் மேகநாத் சாகா 1952இல் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1957 மார்ச் 22இல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டியில் ஆஷாடம் ஜூன் 22இல் பிறக்கிறது. கதிர்த்திருப்பத்துக்கு அடுத்த நாள். அறிவியல்படி அது சரி. ஆனால் அந்தத் தேதியை அரசிதழில் பார்க்கலாம், அடுப்படியில் பார்க்க முடியாது. மத விழாக்களை ஒரேயடியாக 23 நாள் முன்னுக்கு இழுக்கச் சாகாவின் குழுவே துணியவில்லை. மேற்கொண்டு விலகாமல் நிறுத்தத்தான் வழி சொன்னது. அந்த அளவை நானும் ஏற்கிறேன். ஆடிப்பெருக்கைத் தூக்கி ஜூலை இரண்டாம் வாரத்தில் வைத்தால் குடகின் வெள்ளம் நமக்காக முன்கூட்டி வராது.

எனவே இந்த அரங்கில் கட்டுரை படிப்போரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்த விழாவைக் கதிர்த்திருப்பத்தோடு சேர்த்துப் பேசினாலும், ஆயிரம் ஆண்டுக்கு முன் அது எந்தப் பருவத்தில் விழுந்தது என்று முதலில் கணக்கிட்டுக் காட்டுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். மாநாட்டைத் தொடங்கிவைத்து, முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.